துருத்திக்காரன் தோள்

1

மூட்டை சுமந்து தோள் கழன்றுவிழுகிற மாதிரி வலித்த ஒரு நாளில்தான் இந்தக் கதை எனக்குத் தட்டுப்பட்டது. சங்கீதம் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. தோள் பற்றி எழுதலாம்.

முதல் தொடக்கம்: "1932. மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இன்னிசை தவழ்ந்து..." வேண்டாம். அங்கே இருந்தது கொசு.

2

பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ஐயாசாமி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்தோனிப்பிள்ளையின் ஆர்மோனியத்துக்குப் பின்னால் குந்தித் துருத்தி போட்டான். அப்போதுதான் கிராணிக்கு இரண்டு கையும் கட்டைகளுக்குக் கிடைக்கும். துரை வீட்டு விருந்தில் கிராமபோன் மாதிரி வாசித்துக் காட்டவேண்டும் என்று அவருக்கு வெறி.

"சட்ஜத்தோட ரிஷபத்தை ஒட்டி வைச்சால் கரகரக்கும். ஒரு ஸ்தாயி தள்ளி மேல வை, இனிக்கும். இதுதான் ஒன்பதாம் சுரம். விளங்குதோ?"

"விளங்குதுங்க. எங்க லயத்து வீடுங்களையும் தள்ளித்தானே வச்சிருக்கீங்க."

"வாயைக் குறை. போடு."

ஐயாசாமி சுரங்களைத் தோளால் எண்ணினான். மூன்று கட்டை அழுத்தினால் காற்று மெதுவாக இறங்கும். ஒன்பதாம் சுரம் சேர்ந்து ஐந்தானால் சட்டென்று தீரும். அதற்கும் மேலே பதினொன்று, பதின்மூன்று என்று கிராணி அடுக்கினால், ஏழு வாய்க்கு ஒருத்தன் கை.

(பதின்மூன்றாம் சுரத்துக்குப் பதின்மூன்று கட்டை அழுத்தவேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றுவிட்டு ஒன்று, ஏழு போதுமாம்.)

3

ஐயாசாமிக்கு மூன்று நாளாகக் குளிர்காய்ச்சல். கிராணி சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவிடுவார்கள்.

"ஐயா, அந்தச் சீட்டு..."

"விருந்து முடியட்டும். இன்னும் ஒருக்கா, ஏழும்."

அவன் மனைவி வெள்ளையம்மா வாசலில் நின்று கேட்டாள். "மனுசன் நடுங்குறாருங்க."

"நடுங்கினால் துருத்தி நல்லாப் போகும்."

இவரை இவ்வளவு கெட்டவராக எழுத எனக்கே கூச்சம். துரையிடம் அவருக்கும் வேலை போகிற பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்தை ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அவர் சீட்டு எழுதவில்லை.

4

விருந்தில் ஏழும் ஒன்றாக முழங்கின. துரையம்மா கைதட்ட எழுந்தாள். சத்தம் இளைத்து நின்றது. ஐயாசாமி பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான்.

முடிவு ஒன்று: கிராணி அங்கேயே சீட்டு எழுதுகிறார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஐயாசாமி வேண்டுமென்றேதான் கையை விட்டான். உங்களுக்கு இது பிடிக்கும். ஆனால் மறுநாள் விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கவேண்டிய எவனும் அப்படி விட்டு நான் பார்த்ததில்லை.

முடிவு மூன்று: வெள்ளையம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மண்சாலையில்...

பிழைத்தானா, செத்தானா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும், அந்தோனிப்பிள்ளை ஐயாசாமிக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு பாக்கி.