கறுப்புக் கட்டம் போட்ட முகம்

ஒரு நாளைக்கு மூன்று சாவாவது என் கை வழியாகப் போகும். வண்ணார்பேட்டையில் ஒரு பிளக்ஸ் கடையில் எனக்கு டிசைனர் வேலை. இறந்தவரின் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். ஏதோ கல்யாண வீட்டில் எடுத்ததாக இருக்கும், பக்கத்தில் நின்றவரின் தோளும் ஒட்டிக்கொண்டு வரும். தோளை அழித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் மேகம் வைத்து, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு, பெயரைப் பெரிதாக அடித்து, கீழே தேதி போட்டால் கண்ணீர் அஞ்சலி தயார். பத்து நிமிஷ வேலை. அதற்கு மேல் ஆனால் முதலாளி அண்ணாச்சி பின்னால் வந்து நின்று செருமுவார்.

அந்தக் கையைக் கழுவிவிட்டு வரைகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் டவுன் பஸ் பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை, தூங்கி வழிகிற கண்டக்டர்களை, கட்டணக் கழிப்பறை வாசலில் மேஜை போட்டிருப்பவரை எல்லாம் கரிக்கோலால் வரைவேன். ஜெனோவும் ஃபெபியும் இப்படித்தான். ஜெனோ பள்ளிக்கூடச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். மார்க்கெட் சுமைக்காரர்களை வரைவான். ஃபெபி பாளையங்கோட்டையில் டிராயிங் டீச்சர். அவளுக்குப் பஸ்ஸுக்குள் இருக்கும் பெண்கள்தான் எல்லாம். நாங்கள் மூவரும் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படம் என்றால் வயலும் கோயில் கோபுரமும்தானா, இந்த ஊர் டிராஃபிக்கும் புழுதியும் ஆகாதா என்று மூவருக்கும் ஒரே கோபம். அந்தக் கோபத்தில்தான், தை மாதம் ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவு செய்தோம்.

என் படங்களில் ஒன்றைத்தான் போஸ்டருக்கு எடுத்தோம். அது சுடலைவடிவு அத்தையின் முகம்.

அத்தை பாபநாசம் பஸ் நிற்கிற இடத்தில் பனங்கிழங்கு விற்பாள். சீசன் முடிந்தால் வெள்ளரிக்காய். தச்சநல்லூரில் ஒற்றை அறை வீடு, அறுபதை நெருங்கும் வயது, வாய்க்குப் பஞ்சமில்லை. “ஏளா செல்வி, என் மூக்கை மட்டும் சின்னதாப் போடு” என்பாள். ஒரே ஒரு நாள்தான் அவள் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் பெஞ்சில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. மாநகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வண்டி போன பிறகு அத்தை பையச் சொன்னாள்.

“எனக்கும் இதே கதிதான் ஏளா.”

“உங்களுக்குத்தான் மகன் இருக்காம்லா?”

“இருக்கான். கங்கைகொண்டான் கம்பெனில வேலை பாக்குதான். இங்கன இருந்து அரை மணி நேரம். ஆறு வருஷமா வரல.”

மகன் மணிராஜ் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, அத்தை தெருவில் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். நான் செத்தாலும் என் வாசலை மிதிக்காதே என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டிருக்கிறாள். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். “கோவத்துல சொன்னேன். அதுக்குன்னு கொள்ளி வைக்கக்கூட வராமலா போயிருவான்?” என்று கேட்டாள். அப்போது அவள் முகம் இருந்ததே, அதைத்தான் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே உருப்படியான படம் அதுதான்.

போஸ்டரை நான்தான் டிசைன் செய்தேன். கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. நடுவில் கறுப்பு வெள்ளை முகம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், கீழே படத்தின் தலைப்பாகப் பெரிய எழுத்தில் ‘சுடலைவடிவு’, அதன் கீழே தேதி, நேரம், மண்டபம், என் போன் நம்பர். ‘ஓவியக் கண்காட்சி’ என்ற எழுத்தை, அழகாக இருக்கட்டும் என்று, மங்கலான சாம்பல் நிறத்தில் கட்டத்துக்குள் வைத்தேன். அச்சில் அது கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிட்டது. எங்கள் கடைக்குப் போஸ்டர் ஒட்டும் மகாராஜா கட்டைப் பிரித்தான், முகத்தைப் பார்த்தான், அடையாளம் தெரிந்துகொண்டான். இறந்தவர் தெருவில்தானே முதலில் ஒட்ட வேண்டும்? தச்சநல்லூர் முழுக்க ஒட்டிவிட்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும்படியாகவா நான் டிசைன் செய்திருந்தேன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை கடைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு புதுச் சேலை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவள் தம்பி பொண்டாட்டி கோடிச் சேலையோடு, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு வந்தாளாம். ஜெனோ அங்கேதான் இருந்தான். போஸ்டரைக் கிழிக்க வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

“கிழிக்காதலே” என்றாள் அத்தை.

“யத்த, ஊரே நீங்க செத்துட்டியன்னு நினைக்கி” என்றான் ஜெனோ.

“நினைச்சிட்டுப் போவட்டும். அவன் காதுக்குப் போவுதான்னு பாப்போம். நாளைக்கு வரைக்கும் கிடக்கட்டும்.”

நாங்கள் வாயைத் திறக்குமுன் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து, “ஹலோ, யாரு?” என்றேன்.

“போஸ்டர்ல இந்த நம்பர் போட்டிருந்துச்சு” என்றது ஒரு ஆண் குரல். “நான் அவங்க மவன். எடுத்தாச்சா?”

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழங்கு உரித்து உரித்துக் காய்ப்பேறிய விரல்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இல்லை, அத்தை என் முன்னால்தான் நிற்கிறாள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

“எடுத்துட்டியளா... எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே” என்றான். பிறகு, “அந்த மண்டபத்துல நாளைக்குப் பத்து மணிக்கா? வாரேன்” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று ராத்திரி முழுக்க என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அது பொய்தான். நான் பயந்தது எதற்கு என்றும் இப்போது சொல்லிவிடுகிறேன். என் முதல் கண்காட்சி கலாட்டாவில் முடிந்துவிடக் கூடாது என்ற நினைப்பும் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது.

சனிக்கிழமை அத்தை அந்தக் கோடிச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். “புதுசை வீணாக்குவானேன்?” என்றாள். மண்டபத்தின் பின்வரிசையில், தூணை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய படம் எதிர்ச் சுவரில் நடுநாயகமாக இருந்தது. ஃபெபியின் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலைந்து பேர் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தேகாலுக்கு அவன் வந்தான். கம்பெனிச் சட்டை, கையில் ரோஜா மாலை. வாசலோடு அவன் மனைவி நின்றுவிட்டாள். அவள் இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. மற்றப் படங்களை அவன் பார்க்கவே இல்லை. நேராகப் போய், எட்டி, சட்டத்தின் மேல் மாலையைப் போட்டான். படத்தின் கீழே மடங்கி உட்கார்ந்து, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

“வரணும்னு இருந்தேம்மா. தெனமும் வேன்ல அந்த வழியாத்தான் போவுதேன். வந்தா விரட்டிருவியோன்னு இருந்துச்சு. பிள்ளையக் கூடக் காட்டலியேம்மா.”

டீச்சர்கள் விலகி நின்றார்கள். அத்தை எழுந்துவிட்டாள். அவள் நடந்து போனது பத்து அடிதான்.

“மணி” என்றாள்.

அவன் திரும்பினான். அந்த முகத்தை நான் இன்னும் வரையவில்லை, வரையவும் மாட்டேன். முதலில் பயம். அடுத்து ஒரு கணம், ஒரே ஒரு கணம், சின்னப்பிள்ளையின் சந்தோஷம். அது நிலைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவன் படத்தைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் அழவைக்கத்தான் வரச் சொன்னார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

“போன்ல பேசுனது நீங்கதான?” என்று என்னிடம் கேட்டான்.

“ஆமா. நான் சொல்லியிருக்கணும். தப்பு என்...”

“உயிரோட இருக்கவங்கள வச்சா விளையாடுதிய?”

அம்மாவிடம் ஒரு சொல் பேசவில்லை. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான். பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அத்தை வாசலைப் பார்த்து நின்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

“எதுக்கு அழுத? வந்துட்டாம்லா. செத்தா வருவான்னு தெரிஞ்சிட்டு. இனி வண்டிக்காரன் தூக்கிட்டுப் போவான்னு பயமில்ல.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “பிள்ளைக்கு என் நெத்தி. பாத்தியா?” என்றாள். பிறகு சுவரைக் காட்டி, “அந்த மாலையக் கழத்திரு. நான் இன்னும் இருக்கேம்லா” என்றாள்.

கழற்றினேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு மதியம் வரை அங்கேயே இருந்தாள்.

போஸ்டர்களை நாங்களே அலைந்து கிழித்தோம். திங்கட்கிழமை அத்தை வழக்கமான இடத்தில் கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினாள்.

“அவன் நம்பரு உன் போன்ல இருக்கும்லா? இதுல எழுதிக் குடு. அன்னைக்கு யாராவது கூப்பிட்டுச் சொல்லணும். நீயே சொன்னாலும் சரிதான், உன் குரலு அவனுக்குத் தெரியும்.”

எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டுக்குள் பத்திரமாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பருக்கு நான் எட்டுத் தடவை கூப்பிட்டதை அவளிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு மணியே அடிக்கவில்லை. என் நம்பரை அவன் பிளாக் செய்துவிட்டான். நாளைக்கு யார் வேறு போனில் கூப்பிட்டு உன் அம்மா போய்விட்டாள் என்று சொன்னாலும், அவன் நம்ப மாட்டான். அந்த அளவுக்குச் செய்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு கங்கைகொண்டானுக்குப் போகிறேன். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் நிற்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். அத்தையிடம் இரண்டு கட்டுப் பனங்கிழங்கு வாங்கி வைத்திருக்கிறேன், யாருக்கென்று அவளிடம் சொல்லவில்லை. வரைகிற நோட்டை மட்டும் கொண்டுபோகப் போவதில்லை.