ஆளில்லா மேசையில் கருவாடு

தைனான் நகரச் சந்தையில் என் அம்மா கருவாடு விற்றாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக் கடைக்காரிக்குப் பிரசவமோ, காய்ச்சலோ, புருஷனோடு சண்டையோ, எதுவாக இருந்தாலும் அவள் மேசை காலியாகக் கிடக்கக் கூடாது. காலி மேசையைச் சந்தை அலுவலகம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அதனால் அம்மா தன் கூடையில் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே பரப்பி வைப்பாள். விற்பதற்கல்ல. இந்த மேசைக்கு ஆள் உண்டு, வருவாள் என்று ஊருக்குச் சொல்வதற்கு.

பல்கலைக்கழகத்தில் வணிகவியல் சொல்லித்தரும் நான் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கில்தான்.

'கடலும் கரையும்' என்னோடு வேலை பார்த்த யென் ஷு-லான் உருவாக்கிய பாடம். எந்தத் துறை மாணவனும் அதைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. பாதி வகுப்பு கரையிலேயே நடக்கும். ஈரக் காலோடு திரும்பி வந்து, பாடத்திட்டக் குழுவில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். உப்பு வாசனை வரும். கருவாட்டுக்காரி மகனுக்கு வேறு என்ன வேண்டும்? அவளிடம் மனசைச் சொல்லியிருக்கலாம். ஆனால் விலையை முதலில் சொல்பவன் தோற்பான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பா இருக்கும் பெங்ஹு தீவுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் நடக்காத பாடம் கட்டாயப் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும் என்பது எங்கள் விதி. பாடம் விழுந்தால் அவள் திரும்பி வர இடமில்லை. ஆகவே என் கூடையை அவள் மேசையில் வைத்தேன்.

"வாத்தியாரே, கடல் ஏன் ஏறி இறங்குதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள்.

"அது நிலாவோட வேலை. ஏறினா படகு கிளம்பும், படகு வந்தா மீன் விலை இறங்கும். பரீட்சைக்கு அது போதும், எழுதிக்கோ."

இந்த வருடம், எல்லாத் துறை மாணவர்களும் படிக்கும் பொதுக்கல்விப் பாடங்களைத் திருத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கட்டாயப் பாடங்களில் ஒன்றைத் தூக்கிவிட்டுக் கணினிப் பாடம் ஒன்றை வைக்க வேண்டும். பொதுக்கல்வி மையத் தலைவர் காவ், தூக்குவதற்குக் கடலைக் குறித்து மேலிடத்துக்கு வரைவும் அனுப்பியிருந்தார். படிக்கட்டில் மடக்கினேன்.

"கடலை விட்டுடுங்க, காவ் வாத்தியாரே."

"விடறேன். பதிலுக்கு என்ன தருவீங்க? உங்க வணிக அறிமுகப் பாடம் கட்டாயத்துலதானே இருக்கு?"

"அதைக் குடுத்தா எங்க துறைக்காரங்க என் தோலை உரிச்சிடுவாங்க."

"கருவாடு ஆக்கிடுங்கன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புதுசா என்ன?"

இந்த ஆளைச் சந்தையில் விட்டால் அம்மாவையே ஓட்டாண்டி ஆக்கியிருப்பார். கொடுத்தேன்.

அடுத்த கவலை தலை எண்ணிக்கை. எங்கள் குழுவுக்கு ஆட்கள் வருவதே மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்காக. பெட்டி காலியானதும் பாதிப் பேர் வகுப்பு இருக்கிறது என்று நழுவிவிடுவார்கள். ஆள் குறைந்தால் ஓட்டு செல்லாது, மேலிடத்துக்குப் போன அந்த வரைவே நிலைத்துவிடும். அலுவலகப் பெண் பெய்-யூவிடம் போனேன்.

"ஓட்டு முடிஞ்சதும் பெட்டியைக் கொண்டா, போதும்."

"பசியில கத்துவாங்க, வாத்தியாரே!"

"கத்தட்டும். சோத்துக்குக் கத்தறவன் எந்திரிச்சுப் போகமாட்டான்."

ஒருவரும் போகவில்லை. தாழ்வாரத்திலிருந்து பன்றி வறுவல் மணம் வர வர விவாதம் சுருங்கியது. பொறியியல் துறை லோ மட்டும் விடவில்லை.

"கடல் எங்கயும் ஓடிடாது. பசங்க லீவுல போய்ப் பாத்துக்கட்டும்."

"கம்ப்யூட்டர் அவங்க பைக்குள்ளேயே இருக்கு, லோ வாத்தியாரே. அதை மட்டும் எதுக்கு வகுப்புல உக்காரவச்சுக் காட்டணும்?" என்றேன்.

சிரித்தார்கள். சிரித்த சூட்டோடு கடலுக்குக் கை தூக்கினார்கள். கடல் தப்பியது.

"ஒரு திருத்தம்," என்றார் காவ், பெட்டியின் ரப்பர் பட்டையைக் கழற்றிக்கொண்டே. "இனிமே கடல் தெரிஞ்சவங்கதான் இதை நடத்தணும். யென் டீச்சர் இந்த வாரத்துக்குள்ள வர்றேன்னு சொல்லட்டும். இல்லேன்னா புது ஆள் எடுத்துக்கலாம்."

எல்லோரும் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்கள். மறுப்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. நிலாவைப் பற்றி நான் நடத்திய லட்சணம் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் தீவுக்குப் போன் பேசினேன்.

"ஷு-லான், உன் பாடம் தப்பிச்சுது." பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பெய்-யூ சொன்னா. உங்க சொந்தப் பாடத்தையா தூக்கிக் குடுத்தீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"நல்ல பேரம்தான். நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள் போல, காற்று இரைந்தது.

"அப்பாவுக்கு இப்ப என் முகம் ஒண்ணுதான் அடையாளம் தெரியுது," என்றாள். "நான் வரல. கடல் தெரிஞ்ச நல்ல ஆளாப் பாத்து எடுக்கச் சொல்லுங்க. பசங்க பாவம். எத்தனை நாளைக்கு என் மேசையில உங்க கூடை? எடுத்துடுங்க."

சந்தைக் கதையை அவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

"கருவாடு கெட்டுப்போற சரக்கு இல்ல, ஷு-லான்."

சிரித்தாள். சிரிப்பு நின்றபிறகும் போனை வைத்துவிடாமல் இருந்தாள்.

"தெரியும்," என்றாள் மெதுவாக.

தோற்றாலும் பரவாயில்லை, விலையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு கிழக் குரல் அவள் பெயரைக் கூப்பிட்டது. "வச்சிடறேன்" என்று போய்விட்டாள்.

புது ஆசிரியை வந்துவிட்டாள். கெட்டிக்காரி. கடல் ஏன் ஏறுகிறது என்று மாணவர்களுக்கு இப்போது தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சாப்பாடு முதலிலேயே வந்தது. லோ தாமதமாக வந்து, கையில் பெட்டியோடு இடம் தேடி என்னருகே நின்றார். பக்கத்து நாற்காலியில் என் பை இருந்தது.

"யாராவது வர்றாங்களா, வாத்தியாரே?"

"வருவாங்க," என்றேன். "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."