ஒரு முழு டம்ளர்

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தொடுவது என் வீட்டுக்காரரின் இடது கையைத்தான். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ரத்தம் ஓடும்வரை தோலுக்கடியில் குறுகுறுவென்று ஒரு அதிர்வு இருக்கும், பூனை மடியில் படுத்திருப்பதுபோல. வலது கையில் தைத்தது முன்பே அடைத்துப்போனது. "இதையாவது பத்திரமா பாத்துக்குங்க. இனிமே தைக்க நல்ல குழாய் கிடையாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவருக்கோ எந்நேரமும் தண்ணீர் நினைப்பு. சிறுநீர் நின்றுபோனவர். குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்கும். அதனால் அரை டம்ளருக்கு மேல் கொடுக்க மாட்டேன். ஃபிரிட்ஜைக்கூடப் பூட்டி வைத்தேன். பூட்டு ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்! ஆனாலும் ஒரு நாளும் திறந்ததில்லை. "உனக்கு வாக்குக் குடுத்துட்டேனே" என்பார். கடைக்குப் போக முடியாமல், ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இதற்குப் பெயர் வாழ்க்கையாம்.

அன்று டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தார்கள். ஏறியிருக்கும் எடையைத்தான் மிஷின் தண்ணீராக உறிஞ்சி எடுக்கும்.

"என்னண்ணா, ஒரு கிலோ கூடுதலா இருக்கு? அண்ணி கண்ணுல மண்ணைத் தூவிட்டீங்களா?" என்று நர்ஸ் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் முறைத்தேன்.

முடியப்போகிற நேரத்தில் அவருக்குக் கால் சுருட்டி இழுத்தது. பிரஷர் அடியோடு இறங்கியது. நர்ஸ் ஓடிவந்து சலைன் ஏற்றினாள். வலியில் புரண்டபோது அவர் பேன்ட் பையிலிருந்து பித்தளைப் பூட்டுகள் நாலு தரையில் விழுந்தன.

பிரஷர் இறங்கினால் கையில் ரத்தம் உறைந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். "லேசா ஓடுது. வீட்ல அடிக்கடி பாத்துக்குங்க" என்றாள்.

"எடை கூடக் காட்டினா மிஷின் தண்ணியைக் கூட எடுத்துடும், வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் முழுசா குடிக்கலாம்னு நெனச்சேன்" என்றார் வண்டியில்.

"மிஷின் பூட்டையுமா உறிஞ்சும்? புத்தி எங்கங்க போச்சு?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்கு வந்ததும் திட்டிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து, டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மடக்கு மடக்காகக் குடித்தார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

கை சும்மா இருந்தது. அழுத்திப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"இன்னும் கொஞ்சம் குடேன்" என்று காலி டம்ளரை நீட்டினார். அவர் இன்னும் கவனிக்கவில்லை.

திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். டம்ளரை வாங்கி, விளிம்புவரை ஊற்றினேன்.