படுத்துவிட்ட சிறுத்தை

கானா நாட்டுக் கடலோர ஊரான ஸால்ட்பாண்டின் அருங்காட்சியகத்தில், ஊரின் முதலாம் படைக்குழுவுடைய கொடியில் தைத்திருந்த சிறுத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை மடக்கிப் படுத்துவிட்டது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அராபா பைடூவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செவ்வாயன்று கடலுக்கே ஓய்வு, யாரும் வலை வீசுவதில்லை. அவளும் செவ்வாய்க்கிழமை பிறந்தவள்தான், அங்கே செவ்வாயில் பிறந்த பெண்ணுக்கு வைக்கும் பெயர்தான் அராபா, ஆனால் ஓய்வைத்தான் காணோம். மூன்று மாதம் வெளிச்சத்தில் தொங்கிய துணி மூன்று வருடம் இருட்டில் கிடக்க வேண்டும் என்பது கிடங்கு விதி. மற்ற கொடிகள் முறை வைத்து வந்து போயின. கூட்டம் சேர்க்கிறது என்று சிறுத்தையை மட்டும் ஆறு வருடமாக யாரும் இறக்கவில்லை. அதே ஆறு வருடமாக அராபாவும் விடுப்பு எடுக்கவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து அவள் கேட்டபோதெல்லாம் இயக்குநர் அமிஸா, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்பார்.

சேதி சந்தைக்குப் போனது. எப்போதும் போட்டிக்கு நிற்கும் இரண்டாம் குழுக்காரர்கள் மீன் கூடைகளுக்கு நடுவே நின்று குறட்டை விட்டுக் காட்டினார்கள். முதலாம் குழுத் தலைவர் க்வெக்கு ஓட்டூ முரசோடு வந்து இறங்கினார்.

"திருவிழா நெருங்கிருச்சு, கொடியத் தூக்கிட்டு ஆடணும். எங்க சிறுத்தை தூங்குதுன்னு அவனுங்க பல்லைக் காட்டுறானுங்க. எழுப்பு அதை!"

சுவர் அதிர அடித்தும் சிறுத்தை ஒரு காதை ஆட்டியதோடு சரி. அதே கொடியில் அதற்கு எதிரே துப்பாக்கியோடு தைத்திருந்த வேடனும் சத்தம் தாளாமல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் அடிங்க, எழுந்துக்கும்" என்றாள் அராபா. "எழுந்த வேகத்துல நூல் நூலாப் பிரிஞ்சு விழும். அப்புறம் வெறுங்கம்பைத் தூக்கிட்டு ஆடுங்க."

ஓட்டூ முரசைக் கீழே வைத்தார். "நீயும் ஓஞ்சுதான் போயிட்ட, அராபா" என்றார். இத்தனை வருடத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவளுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே சிறுத்தையை இறக்கினார்கள். திருவிழாவுக்கு, கிடங்கில் நன்றாகத் தூங்கி எழுந்த, முதலாம் குழுவின் இன்னொரு கொடியான திமிங்கிலக் கொடி போனது. அது துள்ளிய துள்ளலில் பிடித்திருந்தவன் தெருவோடு இழுபட்டான், இரண்டாம் குழு வாயை மூடிக்கொண்டது. ஊரே தெருவில் இருந்தபோது அராபா கிடங்கில் சிறுத்தையை அகலமான இழுப்பறையில் கிடத்தி, சுருக்கம் நீவி, மெல்லிய தாளால் போர்த்தினாள். பக்கத்தில் ஓராள் படுக்க இடம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தாள்.

சாவி எங்கே என்று கத்திக்கொண்டு வந்த அமிஸா, இரண்டு மூச்சும் ஒரே சீராக வருவதைக் கேட்டு நின்றார். பிறகு இழுப்பறையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, "ஓய்வில். மூன்று வருடம்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். கொடிக்கா, அவளுக்கா என்று அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.