வால்வுப் பெட்டியின்மேல் அமர்ந்தவள்

மாத்தளை நகரத்து மக்களே, நாளைக் காலையில் குழாயைத் திறக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். அந்த நீரின் பொருட்டு ஒரு பெண் காவலில் கிடக்கிறாள். அவள் செய்த குற்றம் என்னவென்று வந்து பாருங்கள்.

நகரம் பெருத்தது; கிணறுகள் போதவில்லை. மலைமேலுள்ள கருங்காலித் தோட்டத்து ஊற்றைக் கீழே கொண்டுவர அதிகாரிகள் தீர்மானித்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஒரு குழாய் உண்டென்று வாக்களித்தார்கள். அதை நம்பி நல்லம்மாவும் அவள் கணவன் முத்துவீரனும் மற்றத் தொழிலாளரும், லொறி ஏறாத சரிவில் இரும்புக் குழாய்களைக் கூலியின்றிச் சுமந்தார்கள். முதற்குழாய்க்குக் குங்குமமிட்டுத் தேங்காயும் உடைத்தார்கள். நகரத்துக்கு நீர் வந்தது. லயத்துக்கு வரவில்லை; ஊற்றுநீர் விழுந்துகொண்டிருந்த பழைய பீலியும் வறண்டது.

லயத்தின் கீழே, குழாயிலிருந்து காற்று வெளியேற ஒரு வால்வு உண்டு. அதில் சொட்டிய நீரையே பெண்கள் வரிசையில் நின்று பிடித்தார்கள். சென்ற வாரம் அதையும் அடைக்க, நீர் வழங்கும் அரசாங்கக் கந்தோரின் மேற்பார்வையாளர் சபாரத்தினம் ஆட்களோடு வந்தார். நல்லம்மா வால்வை மூடிய சீமெந்துப் பெட்டியின்மேல் ஏறி அமர்ந்தாள்.

“எழும்பு பிள்ளை. இந்த நாட்டுப் பிரசாவுரிமை இல்லாத ஆக்களுக்குக் குழாய் குடுக்க எனக்கு உத்தரவில்லை.”

“குழாய் தூக்குறப்ப பிரசையான்னு கேட்டீங்களாங்க ஐயா?”

வரிசையில் நின்ற அழகம்மா சிரித்தாள். “சும்மா இருடி! நம்ம தோளுக்கு மட்டும் பிரசாவுரிமை குடுத்திட்டாங்க போல.”

சபாரத்தினத்துக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவரோடு வந்தவர்களில் ஒருவன் பொலிசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். ஜீப் வந்தது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு; சந்தேகத்துக்குத் தமிழ்ப் பெயர் ஒன்றே போதும். நகரின் குடிநீர்க் குழாயைத் தகர்க்க முயன்றாள் என்று எழுதி, செம்பும் கையுமாக அமர்ந்திருந்தவளை ஏற்றினார்கள்.

“நான் ஒக்காந்துதானே இருந்தேன்? சொல்லுங்களேன் ஐயா!”

சபாரத்தினம் ஆட்களோடு சரிவில் இறங்கிப் போனார்.

அன்று மாலை முத்துவீரன் அவர் வீட்டு வாசலில் நின்றான். சபாரத்தினம் கதவைப் பாதி திறந்தார்.

“உண்மையைச் சொன்னா என்னையும் அவளோட சேர்த்து உள்ளுக்குப் போடுவாங்கள். நான் வடக்கால வந்தவன். எனக்கும் குஞ்சு குருமான் இருக்கு.”

“எனக்கும் இருக்குதுங்க. அம்மா எங்கன்னு கேக்குதுங்க.”

திங்கட்கிழமை வழக்கு. வரிசையில் நின்ற பெண்களின் சொல் அங்கு எடுபடாது; அவளுக்கு உதவக்கூடிய சாட்சி சபாரத்தினம் ஒருவரே. அவரை நான் இகழேன்; தனித்து நிற்பவனை அச்சம் தின்னும். ஆகவே அவரைத் தனித்து நிற்க விடாதீர்கள். கடைகளைச் சாத்துங்கள். கந்தோருக்கு லீவு சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரையும் எதிர்க்கடை முஸ்லிம் நண்பரையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அந்த நீரைக் குடித்தவர் அனைவரும் நீதிமன்றத்தை நிறைத்து நில்லுங்கள். அவர் அஞ்சாமல் வாய்திறக்கும்வரை ஒருவரும் அசையாதீர்கள்!