பிரஸ் ஒரு வீட்டில், டை ஒரு வீட்டில்

ஹார்வி குன்னர்சன் பண்ணையை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருப்பது என்று முடிவு செய்ததும், அவருடைய சாமான்கள் முழுவதும் ஆகஸ்ட் வெயிலில் முற்றத்துக்கு வந்தன. ஏலத்துக்குப் பாதி ஊர் திரண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். சபைப் பெண்கள் விற்ற பன்றிக்கறி பன்னுக்காகவும் அடுத்தவன் என்ன வாங்குகிறான் என்று பார்ப்பதற்காகவும் வந்தவர்களே அதிகம்.

வெர்லா ஒரே ஒரு சாமானுக்காக வந்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அவள், ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவள். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதற்கான தோட்டாதான் கிடைப்பதில்லை. அந்த ரகத்தை இப்போது கம்பெனிகள் எப்போதாவது நினைத்துக்கொண்டால்தான் செய்கின்றன. கடைக்காரன் போன வருடமும் "அடுத்த மாசம் வந்துரும்" என்றான், இந்த வருடமும் அதையே சொன்னான். அவளிடம் மிச்சமிருந்தது ஒரு கைப்பிடிதான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் வைத்திருந்து, புது வெடிமருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்கும் சாமான் ஹார்வியிடம் இருந்தது ஊருக்கே தெரியும். அவருடைய துப்பாக்கியும் இதே ரகம்.

ஏலக்காரனுக்கு அந்த விவரமெல்லாம் தெரியவில்லை. மேசையோடு திருகி வைத்திருந்த, கூட்டை அழுத்தும் இரும்பு பிரஸ்ஸை மேசையோடு சேர்த்து ஒரு பங்காகவும், பக்கத்தில் இருந்த மரப்பெட்டியைத் தனிப் பங்காகவும் கூவினான். பிரஸ் வெர்லாவுக்கு வந்தது. சந்தோஷத்தில் எமெட்டைக் கூப்பிட்டு, மேசையை வண்டியில் ஏற்றத் தொடங்கினாள். மரப்பெட்டி யாருக்குப் போனது என்று அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், அது லெஸ்டர் ஊல்சனின் கக்கத்தில் இருந்தது.

"அதுல என்ன இருக்கு?" என்றான் எமெட். அவள் கணவன். தானிய லாரி ஓட்டுகிறவன், துப்பாக்கியைத் தொடாதவன்.

"எல்லாமே அதுலதான் இருக்கு" என்றாள் வெர்லா.

லெஸ்டர் பக்கத்துப் பண்ணைக்காரன். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலையாவது தூக்காத மனிதர் அந்தப் பக்கத்தில் கிடையாது. இவர்கள் இருவரும் மட்டும் பல வருடமாகத் தூக்கியதில்லை. காரணம் ஒரு கலைமான். ஒரு பனிக்காலையில் பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலிருந்தும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட, மான் நடுவில் விழுந்தது. உடம்பில் ஒரே ஒரு துளை. இரண்டு துப்பாக்கியும் ஒரே ரகம் என்பதால் குண்டை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. லெஸ்டர் பள்ளத்தில் முதலில் இறங்கிவிட்டான். மானுக்குத் தன் வேட்டை அனுமதிச் சீட்டைக் கட்டிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வெர்லா மேசையைக் கொட்டகையில் ஜன்னலோரம் நிறுத்தினாள். மண்ணெண்ணெயும் இரும்பு நாருமாக மூன்று மாலை தேய்த்தாள். துரு போன இடத்தில் பச்சை வர்ணம் தெரிந்தது. எண்ணெய் விட்டுக் கைப்பிடியை இழுத்தபோது, தண்டு சத்தமே இல்லாமல் வெண்ணெயில் கத்தி போவதுபோல ஏறி இறங்கியது. சும்மாவே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

எமெட் வாசலில் நின்று பார்த்தான். "ஏண்டி, வெறுங்காத்தை அழுத்தி அழுத்தி எத்தனை தோட்டா ஆச்சு?"

"டை இல்லாம என்ன பண்றது?"

"டைன்னா?"

"சுட்ட கூடு லேசா உப்பிப் போயிருக்கும். அதை உள்ள விட்டு அழுத்தினா பழைய அளவுக்கு வரும். மேல மாட்டுற உருக்கு அச்சு. தராசும் வேணும். கூட்டோட அடியைக் கவ்விப் பிடிக்கிற சின்ன இரும்பும் வேணும். எல்லாம் அந்தப் பெட்டில போயிருச்சு."

"புதுசா வாங்கேன்."

"கேட்டேன். இந்த ரகத்துக்கு டை வர்றதுக்குக் கிறிஸ்துமஸ் ஆகுமாம்."

எமெட் சிரித்தான். "நேத்து தானியக் கிடங்குல லெஸ்டரைப் பார்த்தேன். ஊரெல்லாம் பிரஸ் தேடிட்டு இருக்கான். அந்தப் பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியலையாம். வண்டி இங்க, மாடு அங்க. நல்ல ஏலம் போங்க."

"நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? 'வெர்லா கொட்டகையில ஒரு பிரஸ் பளபளன்னு நிக்குது'ன்னு மட்டும் சொன்னேன்."

சனிக்கிழமை மதியம் லெஸ்டரின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. மரப்பெட்டி பக்கத்து இருக்கையில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. வெர்லா தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பிரஸ்ஸை விக்கிறியா?" என்றான் லெஸ்டர் கடைசியில்.

"இல்ல. பெட்டியை விக்கிறியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்தே? பெட்ரோல் அதிகமா இருக்கா?"

லெஸ்டர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், அதில் பதில் எழுதியிருப்பதுபோல. பிறகு எஞ்சினை நிறுத்தினான். "எங்கிட்ட ஆறே ஆறு தோட்டாதான் இருக்கு, வெர்லா."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "பெட்டி எங்கிட்ட இருக்கும். பெட்டிச் சாவி உங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் இருக்கும்போதுதான் வேலை. சம்மதமா?"

"சம்மதம். கொட்டகையில நான் சுருட்டுப் பிடிச்சா உனக்கு ஆகுமா?"

"வெடிமருந்து பக்கத்துலயா? நீ ஆறு தோட்டாவோட இருக்கிறதே ஊருக்கு நல்லது."

அப்படித்தான் தொடங்கியது. இருவருக்கும் முன்பின் தெரியாத வேலை. புதிதாக வாங்கிய கையேட்டைக் கொட்டகை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்போல மாறி மாறிச் சத்தமாகப் படித்தார்கள்.

முதல் சண்டை மருந்து டப்பாவுக்காக வந்தது. மேசை இழுப்பறையில் ஹார்வியின் பழைய டப்பா ஒன்று முக்கால்வாசி நிறைந்து கிடந்தது. எலி கடித்ததில் பாதி லேபிள் போயிருந்தது.

"இவ்வளவு மருந்தை யாராவது வீணாக்குவாங்களா?" என்றான் லெஸ்டர்.

"என்ன மருந்துன்னு சொல்லு, போடலாம்."

லெஸ்டர் முகர்ந்து பார்த்தான். "மருந்து மாதிரிதான் இருக்கு."

"முகர்ந்து பார்த்துப் போடுறதுக்கு இது சூப்பா? பேர் தெரியாததை என் முகத்துக்குப் பக்கத்துல வெடிக்க விடமாட்டேன். உன் முகத்துக்கு இனிமே சேதமாக ஒண்ணுமில்ல, வேணா நீ போட்டுக்கோ."

அவன் டப்பாவை இன்னும் ஒருதரம் ஆசையோடு பார்த்தான். பிறகு வெளியே எடுத்துப்போய், அவள் சொன்னபடி ரூபார்ப் செடிப் பாத்தியில் மெல்லிசாகத் தூவிவிட்டு வந்தான். செடிக்கு நல்ல உரமாம், எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். புது டப்பா நகரத்திலிருந்து வந்தது.

அடுத்தது தராசு. முள்தராசு, மருந்தைக் குன்றிமணி அளவுக்கும் கீழே நிறுக்கிறது. காலித் தட்டை வைத்தாலே முள் ஒருதரம் ஒரு இடத்தில் நின்றது, மறுதரம் வேறொரு இடத்தில் நின்றது. சோதனை எடைக்கற்களை வாங்கி வைத்துப் பார்த்தார்கள். கற்களையும் அது மாற்றி மாற்றிச் சொன்னது. பெட்டிக்காரன் என்பதால் லெஸ்டருக்குத் தராசின் மானம் தன் மானமாகிவிட்டது. ஒரு மாலை முழுவதும் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு அதோடு போராடினான். கடைசியில் தண்டு உட்காரும் விளிம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத துருத் துணுக்கு ஒன்றைப் பறவை இறகால் தட்டி எடுத்தான். முள் அசைந்து அசைந்து, நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. எடைக்கல் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னது.

"பார்த்தியா!" என்றான் சத்தமாக.

"தெரியுது, கத்தாதே. மூச்சுக் காத்துலயே முள் ஆடுது" என்றாள் வெர்லா. ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். அவனுக்கு முதல்முறையாகக் காபி கொடுத்தாள். கொட்டகைக்கு வெளியேதான்.

செப்டம்பர் கடைசியில் கூடுகளை டையில் அழுத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் விரலால் லேசாக மசகு தடவ வேண்டும். தடவாவிட்டால் கூடு உருக்குக்குள் சிக்கிவிடும் என்று கையேடு கொட்டை எழுத்தில் சொல்லியிருந்தது. லெஸ்டர் தடவிக் கொடுக்க, வெர்லா அழுத்தினாள். வேலை நன்றாக ஓடியது. ஓடும் வேலையில் வாய் சும்மா இருக்குமா?

"இதே கூடுதானே அன்னிக்கும்" என்றான் லெஸ்டர்.

"என்னிக்கு?"

"பள்ளத்துல."

வெர்லாவின் கை நின்றது. "நீயா பேச்சை எடுத்தே, நான் எடுக்கல. நான் சுட்டேன், மான் விழுந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எனக்கும் அதேதான் தெரியும். நான் சுட்டேன், மான் விழுந்துச்சு."

"முதல்ல ஓடினது யாரு?"

"என் பக்கம் சரிவு, ஓடாம எப்படி இறங்குறது? உருண்டுகூட வந்திருப்பேன்!"

அவள் கோபத்தில் தட்டிலிருந்து ஒரு கூட்டை எடுத்து வைத்துக் கைப்பிடியை ஓங்கி அழுத்தினாள். பாதி ஏறியதும் இறுகியது. பலம் கொண்டமட்டும் மேலே தூக்கினாள். 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு மட்டும் இறங்கியது. கூட்டின் அடிவிளிம்பு கிழிந்து, மிச்சம் டைக்குள் மாட்டிக்கொண்டது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அது மசகு தடவாத கூடு.

"நீ தடவல" என்றாள் வெர்லா.

"தடவாத பக்கத்துலேருந்து நீ எடுத்தே" என்றான் லெஸ்டர்.

இரண்டும் உண்மை. அதனால் சண்டை மேலே நகரவில்லை. டை போனால் கிறிஸ்துமஸ்தான். இருவரும் கையேட்டைப் புரட்டினார்கள். கூட்டின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியை முறுக்கி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும் என்று இருந்தது. எமெட்டின் துளைக்கருவியைக் கொண்டுவந்தார்கள். வெர்லா டையைப் பிடித்துக்கொள்ள, லெஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு துளை போட்டான். பித்தளைச் சீவல் பொன்போலச் சுருண்டு விழுந்தது. பிறகு அவள் முறுக்கினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"அந்த மான் கொம்பை எங்க வெச்சிருக்கே?" என்று முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கொட்டகைச் சுவர்லதான். தகைவிலான் குருவி அதுல கூடு கட்டிருச்சு. வருஷா வருஷம் வருது. இந்த வருஷக் குஞ்செல்லாம் பறந்தாச்சு, உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ."

வெர்லா யோசித்தாள். இத்தனை வருடமாக வேண்டும் என்று நினைத்திருந்தது, கையில் தருகிறேன் என்றதும் எங்கே மாட்டுவது என்றே தோன்றவில்லை. "இருக்கட்டும். அதுங்க வீட்டை எதுக்குக் கலைக்கணும்?" என்றாள். அப்போது டைக்குள் மாட்டியிருந்த பித்தளைக் கூடு விட்டுக்கொடுத்து வெளியே வந்து விழுந்தது. டைக்கு ஒரு கீறலும் இல்லை. லெஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிறந்த கன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அதன்பின் மசகு தடவுகிறவன் "தடவியாச்சு" என்று சொல்லாமல் அழுத்துகிறவள் கூட்டைத் தொடுவதில்லை என்று விதி வந்தது. பாட்டுப்போல அது நாள் முழுவதும் கேட்டது.

அக்டோபர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து, சரளைக்கல் பள்ளத்துக்குச் சுட்டுப் பார்க்கப் போனார்கள். மருந்து, கையேட்டில் இருந்ததிலேயே குறைந்த அளவு. தோட்டாக்கள் சிறு மரக்கட்டையில் வரிசையாக நின்றன. எமெட் வண்டியை வெகுதூரத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

"நீ முதல்ல சுடு. பிரஸ் உன்னுது" என்றான் லெஸ்டர்.

"பெட்டி உன்னுது. நீயே சுடு."

"பெண்களுக்கு முன்னுரிமை."

"அன்னிக்கு மானுக்காகப் பள்ளத்துல இறங்கும்போது இந்த மரியாதை எங்க போச்சு?"

வெர்லா சிரித்துவிட்டு, தானே தரையில் படுத்தாள். கண்ணாடி போட்டு, காதை மூடி, மூச்சை அடக்கினாள். விசையை இழுத்தாள்.

தோளில் பழகிய உதை. வேறு ஒன்றும் இல்லை. நூறு கஜம் தள்ளி வைத்த குறி அட்டையில் ஒரு துளை, நடுவுக்கு நான்கு விரல் கீழே. கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இல்லை, கறை இல்லை. அடுத்ததும் சுட்டாள், அதற்கடுத்ததும். மூன்று துளையும் ஒரு கோப்பை வாய்க்குள் அடங்கின. லெஸ்டர் சுட்டபோது அவனுடையது தட்டளவு விரிந்தது. துப்பாக்கிமேல் பழி போட்டான். அவள் மறுக்கவில்லை.

எமெட் கண்ணாடியை இறக்கினான். "யாராவது செத்தீங்களா? பசிக்குது."

வேட்டைப் பருவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது சோவென்று பெய்ய, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு, அன்று சுட்ட கூடுகளையே துடைத்து, மறுபடி டையில் அழுத்தத் தொடங்கினார்கள். அதற்கு அவசரமே இல்லை. வெர்லாவுக்கு எழுந்து போக மனமில்லை; லெஸ்டரும் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை.

எமெட் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டி மாட்டுக்கறிக் குழம்போடு ஓடிவந்தான்.

"உள்ள கொண்டுவராதே" என்றாள் வெர்லா நிமிராமல். "ஈயம் தொட்ட கை. சோப்புப் போட்டுக் கழுவாம சாப்பிடக் கூடாது."

"அப்ப கழுவிட்டு வாங்க."

"தடவியாச்சு" என்றான் லெஸ்டர்.

"இரு, இதை முடிச்சுக்கறேன்" என்றாள் வெர்லா, கைப்பிடியை இழுத்தபடி.

எமெட் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கூரைச் சரிவின் கீழே கவிழ்த்துக் கிடந்த வாளிமேல் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போவதற்குள் தன் பங்கைச் சாப்பிடத் தொடங்கினான்.