இரண்டாயிரம் டிக்

எலக்ட்ரீஷியனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவனுக்கு மூன்று மாதப் பெண் குழந்தை. போன மாதம் வேறோர் இடத்தில் டெஸ்ட் எடுத்து, காது கேட்காது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மகளிடம் அவன் பேசுவதே இல்லை. கேட்காத காதில் என்னத்தைப் பேசுவது என்று, பாவம்.

இப்போது மறுபடியும் அதே டெஸ்ட். படுக்கையில் போட்டால் வீலென்று அலறுகிறாள் என்பதால் அப்பா நெஞ்சில்தான் தூக்கம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர், காதுக்குள் டிக் டிக் என்று சத்தம். திரையிலோ வெறும் கிறுக்கல்.

"இதுல என்னத்தை மேடம் கண்டுபிடிக்கிறது?"

"காது கேட்டா மூளை சின்னதா ஒரு பதில் சொல்லும் தம்பி," என்றாள் டெஸ்ட் எடுக்கும் அம்மா. "இரைச்சல்ல அது அமுங்கிடும். அதான் இரண்டாயிரம் தடவை டிக் கொடுத்து சராசரி எடுக்கறோம். இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒன்னையொன்னு அடிச்சுக்கிட்டு அடங்கிடும். பதில் மட்டும் டாண்ணு அதே நேரத்துக்கு வந்து நிக்கும்."

ஆயிரம் தாண்டியும் கிறுக்கல் அடங்கவில்லை. அவனுக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

"உங்க எர்த் சரியில்லை மேடம்!" டியூப் லைட்டை அணைக்கச் சொன்னான், ஏசியை நிறுத்தச் சொன்னான், பிளக் பாயிண்டை வாய்க்கு வந்தபடி திட்டினான். அத்தனையும் குசுகுசுவென்று, பிள்ளை தூங்குகிறாளே.

மனைவி அவன் சட்டைப் பையைத் தொட்டாள். "ஏங்க, இது என்ன?"

செல்போன். மகளின் தலைக்கு நேர் கீழே. போனை வெளியே வைக்கச் சொல்லிக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அசடு வழிந்தவனுக்குச் சட்டென்று உறைத்தது. போன மாத டெஸ்டிலும் இதே நெஞ்சு, இதே பை, இதே போன்.

போன் வெளியே போனது. எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பம். ஐந்நூறில் கிறுக்கல் மெலிந்தது. ஆயிரத்தில் ஒரு மேடு தலைகாட்டியது. இரண்டாயிரம் முடிந்தும் அந்த அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை எடுத்தாள். அவனுக்கு உயிரே இல்லை. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன.

"கேக்குது தம்பி. மெல்லிசான சத்தம்கூட நல்லாவே கேக்குது."

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். ஒயரைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, அவன் மகளின் காதருகே குனிந்தான்.

"அம்மாடி... அப்பா பேசறேன்டா."

அவள் அசையவில்லை. மறுபடி சொன்னான். மறுபடியும்.

"ஒரு மாசத்துக்கும் சேர்த்துப் பேசறீங்களாக்கும்," என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எத்தனையாவது 'அம்மாடி'யோ, யார் எண்ணினார்கள்? மகள் கண்ணைத் திறந்து, குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.